பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துகிறதா? சுருளைத் தொடாமலே சரிசெய்யலாம்

கேள்வி: என்னிடம் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப் மூன்றுமே சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் வகை. பிரிட்ஜ் பிக்கப்பில் (தந்திகள் உடலில் வந்து முடியும் பக்கம் இருப்பது) மட்டும் சத்தம் மெலிந்து காதைக் குத்துகிறது. புதிய பிக்கப் வாங்க வசதியில்லை. இருப்பதிலேயே இன்னும் கொஞ்சம் கம்பி சுற்றினால் டோன் கனமாகுமா?

பதில்: ஆகும். ஆனால் வீட்டில் அந்த வேலை வேண்டாம். சுருளில் இருப்பது சுமார் 0.06 மி.மீ. தடிமனுள்ள எனாமல் பூசிய செப்புக் கம்பி, ஏறக்குறைய 8,000 சுற்று. நகம் பட்டாலே அறுந்துவிடும். பழைய பாணிப் பிக்கப்பில் அதைக் காந்தத் தண்டுகளின் மேலேயே நேரடியாகச் சுற்றியிருப்பார்கள். தண்டைத் தட்டி நகர்த்தினாலும் உள்சுற்று அறுந்து பிக்கப் ஊமையாகிவிடும். அப்புறம், உங்கள் தொல்லைக்கான காரணம் பெரும்பாலும் சுருளுக்கு வெளியேதான் இருக்கிறது.

முதலில் பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தந்தியை அழுத்திப் பிடித்து, காந்தத்தின் தலைக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இருந்தால் நல்ல தொடக்கம். மெல்லிய பக்கத் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்திப் பிக்கப்பைக் கீழிறக்கி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள்.

பிக்கப்பின் சுருளும், ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வரை போகும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) சேர்ந்துதான் எந்த அதிர்வெண் தூக்கலாகக் கேட்கும் என்று தீர்மானிக்கின்றன. சுருளின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) 2.4 ஹென்றி, கேபிள் 500 பிக்கோஃபாரட் என்றால் அந்த உச்சம் சுமார் 4,600 ஹெர்ட்ஸில் விழும். காதைக் குத்துவது அந்த இடம்தான். இன்னொரு 470 பிக்கோஃபாரட் சேர்த்தால் அது 3,300-க்கு இறங்கி, சத்தத்தில் சதை பிடிக்கும். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்திய, ஸ்பிரிங் போலச் சுருண்ட நீண்ட கேபிள் அவருடைய ஸ்ட்ராட்டின் கூர்மையைத் தணித்ததும் இப்படித்தான்.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். நண்பரிடம் நீளமான கேபிள் ஒன்றைக் கடன் வாங்கி வாசித்துப் பாருங்கள். பிடித்திருந்தால், பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே, அதாவது பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சில் அதன் வயர் சேரும் காலுக்கும் (உலோக முனை) கிரவுண்டுக்கும் (பொது இணைப்பு) நடுவே, ஒரு சிறு கெப்பாசிட்டரைச் சால்டர் வையுங்கள். உடம்பில் 471 என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், 470 பிக்கோஃபாரட் அதுதான். மழுங்கலாகப் பட்டால் 221 போட்டுப் பாருங்கள். பிக்கப்பைத் தொடாமல் அதன் குணத்தையே மாற்றுவதால், எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

மூடியைக் கழற்றிய கையோடு வால்யூம் கண்ட்ரோலின் முதுகையும் பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு வழக்கமாகப் போடுவது 250K, அதாவது 250 கிலோ ஓம் மின்தடை. 500K என்றிருந்தால் உச்சம் இன்னும் கூர்மையாகும். மாற்ற வேண்டியதில்லை. அதன் இரண்டு ஓரக் கால்களுக்கும் குறுக்கே 470K ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் வைத்தால் மொத்தம் 242K ஆகிவிடும்.

இன்னொரு விஷயம். 1954-ல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலிருந்தே வழக்கமாகப் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கண்ட்ரோல் கிடையாது. உங்கள் கிட்டாரும் அந்த அமைப்பில் இருந்தால், ஸ்விட்சில் டோன் வயர்கள் வந்து சேரும் பக்கத்தில் ஒரு கால் காலியாக நிற்கும். அதையும் நடுப் பிக்கப்பின் டோன் வயர் இருக்கும் காலையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். டோன் குமிழை 10-லேயே விட்டிருந்தாலும் குத்தல் சற்றுத் தணியும். தேவைப்பட்டால் 7-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகும் கனம் போதவில்லை என்றால், பிக்கப்பின் அடியில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு பொருத்தலாம். டெலிகாஸ்டர் என்ற இன்னொரு வகைக் கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப்பில் இருப்பது போன்றது அது. இண்டக்டன்ஸைச் சிறிது கூட்டும். அல்னிக்கோ என்ற உலோகக் கலவைத் தண்டுகளே காந்தமாக இருக்கும் பிக்கப்புக்குத்தான் இந்த வைத்தியம். அடியில் செவ்வகமாக ஒரு கறுப்புக் காந்தம் ஒட்டியிருந்தால் அது செராமிக், அதில் தகடு வைக்காதீர்கள். தகட்டைக் கிரவுண்டோடு இணைக்க மறக்க வேண்டாம். சுருளின் இரண்டு சால்டர் முனைகளும் அடிப்பக்கம்தான் துருத்திக்கொண்டிருக்கும். தகடு அவற்றில் பட்டால் ஷார்ட் ஆகிச் சத்தமே வராது. நடுவில் இன்சுலேஷன் டேப் ஒட்டிய பிறகே தகட்டை வையுங்கள்.