பறவைக்கு முன்னால் அசையாமல் நிற்க: பாயின்டர் குட்டி வளர்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

பாயின்டர், செட்டர், ஜெர்மன் ஷார்ட்ஹேர், பிரிட்டனி, விஸ்லா. புதருக்குள் இருக்கும் பறவையை மோப்பம் பிடித்ததும் சிலை மாதிரி நின்றுவிடும் வேட்டை நாய் இனங்கள் இவை. இவற்றின் குட்டிகளைப் பழக்குகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் ஷார்ட்ஹேர் குட்டிக்கு ஐந்து மாதம். குச்சி நுனியில் இறகைக் கட்டி ஆட்டினால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அழகாக நிற்கிறான். அடுத்து என்ன செய்யலாம்?

அந்த விளையாட்டை நிறுத்துவதுதான் அடுத்த வேலை. அவன் இறகைக் கண்ணால் பார்த்து நிற்கிறான். நமக்கு வேண்டியது மூக்கால் நிற்பது. ஒரு நாள், இரண்டு நாள் ஆசைக்கு ஆட்டிப் பார்க்கலாம். தினமும் ஆட்டினால் மூக்கை மறந்து கண்ணை நம்பப் பழகிவிடுவான்.

இப்போது அவனைப் புல்வெளிக்குக் கூட்டிப் போங்கள். எழும்பும் பறவைகளைத் துரத்தட்டும், திட்டாதீர்கள். நன்றாகப் பறக்கும் பறவையை எந்தக் குட்டியாலும் பிடிக்க முடியாது என்பதை அவனே ஓடி ஓடித் தெரிந்துகொள்வான். பின்னால் நீங்கள் சொல்லித்தரப் போகும் பாடத்தில் பாதி அதில் முடிந்துவிடும்.

கேள்வி: நிலைநிற்கும் பயிற்சியை எந்த வயதில் தொடங்க வேண்டும், ஐயா?

வயதைவிடக் குணத்தைப் பாருங்கள். முகத்துக்கு நேரே பறவை படபடவென்று எழுந்த பிறகும் பயப்படாமல் அடுத்ததைத் தேடி ஓடுகிறதா? அப்படியென்றால் தொடங்கலாம். பெரும்பாலான நாய்களுக்கு இது 8 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் வரும். செட்டர்கள் சில கொஞ்சம் தாமதமாகத்தான் முதிரும். காத்திருந்து கெட்ட நாயை நான் பார்த்ததில்லை. அவசரப்பட்டு ஒரு நல்ல நாயை நானே கெடுத்திருக்கிறேன். ஏழு மாதத்தில் அவளைக் கயிற்றில் கட்டி நிற்கவைத்தேன். பறவை என்றாலே திட்டு விழும் என்று நினைத்துவிட்டாள். பிறகு வாசனை வந்தாலும் கவனிக்காதது போலத் தள்ளிப் போக ஆரம்பித்தாள். அதை மாற்ற எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கேள்வி: என் நாய்க்கு 11 மாதம். பாயின்ட் பிடித்து, அதாவது பறவை வாசனையில் உறைந்து, ஐந்து விநாடி நிற்கிறது. நான் நெருங்கியதும் பாய்ந்து பறவையைக் கலைத்துவிடுகிறது. 'நில், நில்' என்று கத்தியும் பயனில்லை, அண்ணா.

அந்த ஐந்து விநாடி பிறவியிலேயே வந்தது. பாய்வதற்கு முன் ஒரு நொடி உறைந்து நிற்பது வேட்டை விலங்குகளின் இயல்பு. அந்த நொடியைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நிற்பதைத்தான் நாம் பழக்க வேண்டும்.

முதலில் பறவையே இல்லாத இடத்தில் 'நில்' என்ற சொல்லைப் பழக்குங்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த பலகை மேல் நிறுத்துங்கள். ஒரே ஒருமுறை சொல்லுங்கள். இறங்கினால் கத்தாமல் தூக்கி அதே இடத்தில் வையுங்கள். நீங்கள் சுற்றி நடந்தாலும், பந்தை எறிந்தாலும் அசையாமல் நிற்கும் வரை பறவை பக்கமே போக வேண்டாம். தினமும் 10 நிமிடம் போதும்.

அப்புறம் புறா. ரிமோட்டை அழுத்தினால் திறந்து புறாவை மேலே எறியும் பெட்டியை லாஞ்சர் என்பார்கள். அதைப் புல்லுக்குள் மறைத்து வைத்து, 8 மீட்டர் நீளக் கயிற்றில் நாயைக் கொண்டு வாருங்கள். காற்று பக்கவாட்டில் வீச வேண்டும். அப்போதுதான் நாய் வாசனைக்குள் நுழையும் இடம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். வாசனை பட்டு நின்றதா? வாயைத் திறக்காதீர்கள். ஒரு அடி முன்னால் வைத்தால் அந்த நொடியே புறாவைப் பறக்க விடுங்கள். கயிறு நாயை நிறுத்திவிடும். நின்ற இடத்துக்கே தூக்கி வந்து வையுங்கள்.

'நகர்ந்தால் பறவை போய்விடும், நின்றால் அந்த வாசனை என்னிடமே இருக்கும்' என்பதைப் புறா சொல்லித்தர வேண்டும். நீங்கள் சொன்னால் நாய் உங்களுக்குப் பயந்துதான் நிற்கும், நீங்கள் தூரத்தில் இருக்கும்போது பாயும். இத்தனை நாள் 'நில்' என்று கத்தியதில் அந்தச் சொல்லுக்கு இப்போது மதிப்பே இல்லாமல் போயிருக்கும். பறவை முன்னால் அதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, நாய்க்கு நேர் பின்னாலிருந்து போகாதீர்கள். போட்டிக்கு வருகிறான் என்று நினைத்து அது முந்தும். பக்கவாட்டில் அகல வளைந்து முன்னால் வாருங்கள். ஒரு தடவைக்கு மூன்று புறா போதும். எக்காரணம் கொண்டும் ஒன்றைக்கூட அது வாயில் பிடித்துவிடக் கூடாது. கூண்டில் வளர்ந்த சரியாகப் பறக்கத் தெரியாத காடைகளை வைத்துப் பழக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: லாஞ்சர் சத்தத்துக்கே என் பிரிட்டனி பின்வாங்குகிறது.

மிக அருகில் திறந்திருப்பீர்கள். குறைந்தது 10 மீட்டர் தூரத்தில் நிற்கும்போதுதான் திறக்க வேண்டும். மூக்குக்கு அடியில் இருந்தால் நாய் என்ன தப்பு செய்தாலும் திறக்கக் கூடாது. இரண்டு வாரம் பெட்டியை எடுக்காதீர்கள். கையிலிருந்து புறாவை விட்டு ஆசை தீரத் துரத்தவிடுங்கள்.

கேள்வி: நிற்கும்போது வாலை ஆட்டுகிறது. பரவாயில்லையா?

சந்தேகத்தில் இருக்கிறது. பறவை அங்கேதான் இருக்கிறதா, போய்விட்டதா, அல்லது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று புரியாத தவிப்பு. அருகில் போய்ப் பேசாமல் விலாவை மெதுவாகத் தடவுங்கள். பின்புறத்தை லேசாக முன்னால் தள்ளினால் கால்களை ஊன்றி எதிர்த்து நிற்கும், உடம்பு தானாகவே விறைக்கும். ஒரே பறவை, ஒரே இடம் என்று சலிக்கவைத்தாலும் வால் ஆடும்.

கேள்வி: என் செட்டர் நிற்காமல் படுத்துவிடுகிறாள். இது தவறா?

வாசனை பட்டதும் பதுங்கினால் அது பழைய ரத்தம். துப்பாக்கி பரவுவதற்கு முன் செட்டர்களின் மூதாதைகள் பதுங்கிப் படுக்கும், வேடர்கள் நாய்க்கு மேலாகவே பறவைகள் மீது வலையை இழுப்பார்கள். நீங்கள் நெருங்கும்போது மட்டும் படுத்தால் உங்கள் கையில் கடுமை அதிகம் என்று அர்த்தம்.

கேள்வி: கழுத்தில் மின்அதிர்ச்சி தரும் பட்டை போடலாமா?

பறவை முன்னால் வேண்டாம். அதிர்வு எதிலிருந்து வந்தது என்று நாய்க்குத் தெரியாது. பறவைதான் கடித்தது என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குப் பிறகு பறவையைத் தேடவே தேடாது.

கேள்வி: வெடிச்சத்தம் பழக்க, தலைக்கு மேலே ஒருமுறை சுட்டுச் சோதிக்கலாமா?

கூடவே கூடாது. அந்த ஒரு சத்தம் நாயின் ஆயுசுக்கும் பயத்தை விதைத்துவிடும். குட்டி மும்முரமாகப் பறவையைத் துரத்தி ஓடும்போது, நல்ல தூரத்திலிருந்து சின்னச் சத்தம் ஒன்று. காதைத் திருப்பாமல் ஓடினால் அடுத்த வாரம் கொஞ்சம் நெருக்கம்.

கேள்வி: நான் வேட்டையாடுவதில்லை, சார். எனக்கு இந்தப் பயிற்சி வீணா?

வீணே இல்லை. உங்கள் நாயின் ரத்தத்தில் இருக்கும் வேலையை அதற்குக் கொடுக்கிறீர்கள், அதைவிட அதற்குச் சந்தோஷம் வேறில்லை. பறவைகளைக் காப்பதற்கும் நாயின் மூக்கு உதவியிருக்கிறது. 1894 முதல் நியூசிலாந்தின் ரெசல்யூஷன் தீவில் காப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி, வாய்க்கூடு போட்ட நாயை வைத்துக் காகாபோ என்ற பறக்காத கிளிகளையும் கிவி பறவைகளையும் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கில் தீவுக்குக் கொண்டு சேர்த்தார். பிரிட்டனில் சிவப்புக் குரௌஸ் பறவைகளை எண்ணுவதற்கு இன்றும் பாயின்டர், செட்டர் நாய்களோடு போகிறார்கள்.

சுடுவது ஒன்றைத் தவிர உங்களுக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். முட்டையிடும் காலத்தில் மட்டும் காட்டுப் பக்கம் போகாதீர்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் அடைகாக்கும்போது நாய் நெருங்கினால், தாய் முட்டையை விட்டுவிட்டு எழுந்துவிடும். அந்த மாதங்களில் பலகையும் 'நில்' பயிற்சியும் வீட்டு முற்றத்திலேயே நடக்கட்டும்.