வெளிக்கோள்களின் பாதைகள்: கேள்வி பதில்

கேள்வி: நெப்டியூனும் புளூட்டோவும் ஒருநாள் மோதிக்கொள்ளுமா?

மோதாது. புத்தகப் படங்களில் இரண்டின் பாதைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும். தாள் தட்டை, வானம் தட்டையில்லை. புளூட்டோவின் பாதை 17 பாகை சாய்ந்தது. அதோடு நெப்டியூன் 3 சுற்று சுற்றுவதற்குள் புளூட்டோ 2 சுற்று முடிக்கும். அதனால் புளூட்டோ உள்ளே வரும்போதெல்லாம் நெப்டியூன் வேறெங்கோ இருக்கும். 1979 முதல் 1999 வரை புளூட்டோதான் சூரியனுக்குக் கிட்டே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: நீள்வட்டப் பாதையில் விலகிப் போவதால்தான் நெப்டியூனில் பருவங்கள் மாறுகின்றனவா?

மறுபடியும் படம்! சாய்வாகப் பார்த்து வரைந்தால் வட்டமும் நீள்வட்டமாகத்தான் தெரியும். நெப்டியூனின் தூரம் 446 கோடி கிலோமீட்டருக்கும் 454 கோடிக்கும் இடையில்தான் மாறுகிறது. பருவங்களுக்குக் காரணம் அச்சின் சாய்வு.

கேள்வி: எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

விற்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: நெப்டியூனைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம். யுரேனஸ் கணித்த இடத்தில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. வெளியே இருந்து ஏதோ இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டு பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று இரவே அங்கிருந்த வானியலாளர் காலே தேடிப் பார்த்தார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் அகப்பட்டது. இதில் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று: லெவெரியே போட்ட பாதை தப்பு. பூமி-சூரியன் தூரத்தைப் போல 36 மடங்கு என்றார், உண்மையில் 30. ஆனால் 1821-ஐ ஒட்டி யுரேனஸ் நெப்டியூனைக் கடந்திருந்ததால் இழுப்பு பலமாகத் தெரிந்தது, திசை சரியாக வந்தது. தூரம் தப்பு, திசை சரி!

கேள்வி: புளூட்டோ நெப்டியூனை இடித்தால் என்ன ஆகும்?

முதல் பதில்.

கேள்வி: அதே கணக்கில் ஒன்பதாவது கோளும் இருக்கிறதே, ஏன் மழுப்புகிறீர்கள்?

மழுப்பவில்லை. பத்திகின், பிரவுன் என்ற இரு வானியலாளர்கள் 2016-இல் சொன்னது, தொலைதூரச் சிறுபொருள்கள் சிலவற்றின் பாதைகள் ஒரே பக்கம் குவிந்திருக்கின்றன, காணாத கோள் ஒன்று இழுப்பதால் இருக்கலாம் என்பது. யுரேனஸ் நழுவியதை வருஷக்கணக்காக அளந்தார்கள். இங்கே கையில் இருப்பவை கொஞ்சமே.

அதே நண்பர்: குவிந்திருப்பது தற்செயலா?

நாம் தேடிய திசையில்தானே கிடைக்கும்? தேடலின் அந்த ஒருபக்கச் சார்பைக் கழித்தால் குவிப்பு மங்குகிறது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரவுன் தரப்பு ஏற்கவில்லை.

இன்னொருவர்: யுரேனஸ், நெப்டியூன் இன்னும் நழுவுகின்றனவாமே?

பழைய கதை. 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனின் நிறையைத் திருத்தியது. புதிய எண்ணைப் போட்டதும் மிச்ச நழுவல் காணாமல் போனது.

ஒன்பதாவது கோளைக் கேட்ட நண்பர்: அப்படியானால் கோள் இல்லை என்கிறீர்கள்?

இல்லை என்று எங்கே சொன்னேன்? சிலியில் ரூபின் தொலைநோக்கி வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறது. அது பிடித்துக் கொடுத்தால் பாதையை நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.