கிளி, ஆமை, மலைப்பாம்பு: சென்னை வீடுகளில் எதை வளர்க்கலாம்?

காயம்பட்ட பறவைகளையும் ஆமைகளையும் மீட்டு வனத்துறையிடம் சேர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: மாமியார் ஆசையாக வளர்த்த பச்சைக்கிளி எட்டு வருடமாக எங்களிடம் இருக்கிறது. அது குற்றம் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். உண்மையா ஐயா? (பெரம்பூர் வாசகி)

பையன் சொன்னது சரிதான் அம்மா. பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். குஞ்சிலிருந்து பாலூட்டி வளர்த்தோம் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. 2024 ஏப்ரலில் கடலூரில் கிளி ஜோசியரின் கிளிகளையே வனத்துறை பறிமுதல் செய்தது.

அதற்காகக் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். சமீபத்தில் ஒரு வீட்டில் பார்த்த கிளிக்கு இறக்கை நுனிகளைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள். கதவைத் திறந்து வைத்தும் வெளியே வராமல் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றது. அப்படிப்பட்ட கிளியை வெளியே விட்டால் மாலைக்குள் காக்கைகள் கொத்திவிடும். வனத்துறையிடம் கொண்டுபோய் ஒப்படையுங்கள்.

கேள்வி: அப்படியானால் லவ் பேர்ட்ஸ்?

தாராளமாக வளர்க்கலாம். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியக் குருவிகள். காக்கடீல் கிளியும் அந்த நாட்டுப் பறவைதான். ஆனால் சந்தையில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசிய சிறு குருவிகளை வாங்காதீர்கள். அவை வயல்வெளியில் பிடித்த நம் சில்லைகள்.

கேள்வி: வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்று நண்பர் ஒன்று கொடுத்தார். வைத்துக்கொள்ளலாமா? (மடிப்பாக்கம் வாசகர்)

வேண்டவே வேண்டாம். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

சட்டத்தை விடுங்கள். சோறும் ரொட்டியும் தின்று வெயிலே படாமல் வளர்ந்த ஓர் ஆமையைக் கையில் வாங்கியிருக்கிறேன். கட்டைவிரலால் மெல்ல அழுத்தியதும் ஓடு உள்ளே அமுங்கியது. கல்லைப் போல இருக்க வேண்டிய ஓடு அது! புல்லும் இலையும் வெயிலும் இல்லாமல் அதற்கு எலும்பு உறுதிப்படாது. உங்கள் அலமாரி மூலையில் அதற்கு வாழ்வு இல்லை.

ஒப்படைக்கப் போனால் நம்மையே பிடிப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். வழக்கு வராது என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் தானாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சோதனையில் சிக்குவதும் ஒன்றல்ல. வேண்டுமானால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆனால் நாள் கடத்தாதீர்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு வெளிநாட்டுப் பாம்புதானே, அதற்கு என்ன தடை? (கல்லூரி மாணவர்)

தடை இல்லை, தம்பி. ஆனால் பதிவு உண்டு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் வரும் உயிரினங்களை நம் சட்டம் நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குத் தரப்பட்ட 6 மாத அவகாசம் முடிந்துவிட்டது. இப்போது வாங்குபவர்களுக்கு 30 நாள்தான். கைமாற்றினாலும் முட்டை பொரித்துக் குட்டிகள் வந்தாலும் தெரிவித்தாக வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அது விமான நிலையச் சுங்கத்துக்குத் தப்பி வந்த சரக்காக இருக்கலாம். நம் நாட்டு மலைப்பாம்பையோ எந்தக் காகிதம் காட்டினாலும் வாங்கக் கூடாது.

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் வளர்த்த சிவப்புக் காது ஆமை தட்டளவு பெரிதாகிவிட்டது. கோயில் குளத்தில் விடலாமா?

புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் பெரிய தீங்கு அது. அமெரிக்காவைச் சேர்ந்த அந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். பெரிய தொட்டி கட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் கொடுங்கள்.

கேள்வி: மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுத்துவிட்டால் போதாதா?

போதாது. அது நாய்க்கும் பூனைக்கும் உரியது.

கேள்வி: மாடியில் கிளிக்குஞ்சு ஒன்று விழுந்து கிடக்கிறது. கையில் எடுத்தாலே குற்றமா? (அம்பத்தூர் வாசகி)

எடுத்துக் காப்பாற்றுங்கள் அம்மா, பயப்பட வேண்டாம். காட்டு உயிர் நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் ஒன்று செய்துபாருங்கள். குஞ்சுக்குக் காயம் இல்லையென்றால் ஒரு கூடையில் வைத்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள். பால் ஊற்றாதீர்கள். தாய்க்கிளி தேடிக்கொண்டு வரும். இருட்டும்வரை வராவிட்டால் துளைபோட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு, உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.