இரண்டு உள்வட்டம், ஒரே தொடுபுள்ளி: எங்கே தொடங்குவது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கணித ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம்-க்குப் பழகும்போது ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். முக்கோணம் ஏபிசி-யில் ஏபி 13, பிசி 14, சிஏ 15. பிசி பக்கத்தின் மேல் கே என்றொரு புள்ளி. ஏபிகே, ஏசிகே என்ற இரு முக்கோணங்களின் உள்வட்டங்களும் (மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் வட்டங்கள்) ஏகே கோட்டை ஒரே புள்ளியில் தொடுகின்றன. பிகே எவ்வளவு? ஹீரோன் சூத்திரத்தில் பரப்பு 84 வந்துவிட்டது. ஆனால் ஏகே தெரியாததால் ஆரங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதில்: ஆரத்தை விட்டுவிடுங்கள். கணக்கை மறுபடி படித்தால், அதில் ஆரம் என்ற பேச்சே இல்லை என்பது தெரியும். எங்கே தொடுகிறது என்பது மட்டும்தான் அதன் விஷயம். அப்படிப்பட்ட கணக்கில் முதலில் எழுத வேண்டியது தொடுகோட்டு நீளம். வெளிப்புள்ளி ஒன்றிலிருந்து வட்டத்துக்கு வரையும் இரு தொடுகோடுகளும் சமம் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். இங்கே தேவைப்படுவது அது ஒன்றுதான்.

ஏபிகே முக்கோணத்தை மட்டும் பாருங்கள். உள்வட்டம் மூன்று பக்கங்களையும் இரண்டிரண்டு துண்டாக்குகிறது. ஏபி-யையும் ஏகே-யையும் கூட்டினால் ஏ-யிலிருந்து வரும் சமத் துண்டு இரண்டு முறை வரும். மிச்சமிருக்கும் இரண்டு துண்டுகளும் சேர்ந்தால் பிகே-யின் நீளம். ஆகவே ஏ-யிலிருந்து தொடுபுள்ளி வரை உள்ள தூரம்

(ஏபி + ஏகே − பிகே) ÷ 2

அடுத்த முக்கோணத்தில் இதே தூரம்

(ஏசி + ஏகே − சிகே) ÷ 2

தொடுபுள்ளி ஒன்றுதான் என்பதால் இரண்டும் சமம். சமன்படுத்திய உடனே ஏகே இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. உங்களைத் தடுத்து நிறுத்திய நீளம் கடைசிவரை தேவைப்படவே இல்லை! எஞ்சுவது 13 − பிகே = 15 − சிகே. அதாவது சிகே, பிகே-யைவிட 2 அதிகம். இரண்டும் சேர்ந்து 14. சரி, பிகே 6, சிகே 8.

இந்த 6 தற்செயலாக வந்ததல்ல. அரைச்சுற்றளவு 21, அதிலிருந்து ஏசி-யைக் கழித்தால் 6. பெரிய முக்கோணத்தின் உள்வட்டம் பிசி-யைத் தொடும் இடமும் பி-யிலிருந்து அதே 6 தூரத்தில்தான். எந்த முக்கோணத்தை எடுத்தாலும் கே அந்தத் தொடுபுள்ளியில்தான் போய் உட்காரும். நீங்கள் போட்ட பரப்பும் வீணில்லை. பரப்பு என்பது உள்வட்ட ஆரம் × அரைச்சுற்றளவு, ஆகவே 84-ஐ 21-ஆல் வகுத்தால் பெரிய உள்வட்டத்தின் ஆரம் 4. ஆனால் இந்தக் கணக்குக்கு அது வேண்டாம்.

ஆரம் எப்போது வேண்டும்? அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டியான ஏஐஎம்இ-யின் 2010 முதல் தேர்வில் (ஏஐஎம்இ I) வந்த கடைசிக் கேள்வியைப் பாருங்கள். பக்கங்கள் ஏபி 12, பிசி 13, ஏசி 15. ஏசி மேல் எம் என்ற புள்ளி. ஏபிஎம், பிசிஎம் முக்கோணங்களின் உள்வட்ட ஆரங்கள் சமம். ஏஎம்-க்கும் சிஎம்-க்கும் என்ன விகிதம்? பார்வைக்கு உங்கள் கணக்கின் அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் இங்கே தொடுகோட்டு நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு நகர முடியாது. ஆரம் சமம் என்றால் பரப்புகளின் விகிதமும் சுற்றளவுகளின் விகிதமும் ஒன்றே. உயரம் பொது என்பதால் பரப்பு விகிதம்தான் ஏஎம்-க்கும் சிஎம்-க்கும் உள்ள விகிதம். சுருக்கினால் (12 + பிஎம்) : (13 + பிஎம்). இப்போது பிஎம் அடிபடாது, கண்டுபிடித்தே ஆகவேண்டும். உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வரையும் கோட்டின் நீளத்தைத் தரும் ஸ்டூவர்ட் தேற்றத்தைப் போட்டால் பிஎம் 10 என்று வரும். விகிதம் 22 : 23. உழைப்பு அதிகம்தான், அதனால்தான் கடைசிக் கேள்வியாக வைத்தார்கள் போலும்.

படம் வரையும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் 13, 14, 15 முக்கோணத்தில் ஏ-யிலிருந்து இறங்கும் குத்துக்கோடு பிசி-யை பி-யிலிருந்து 5-இல் தொடும். நமது கே 6-இல். கோண இருசமவெட்டி 6.5-இல். ஆரங்கள் சமமாகும் புள்ளி 5 + √3, அதாவது சுமார் 6.73-இல். நடுப்புள்ளி 7-இல். ஐந்தும் இரண்டு அலகு அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கையால் கிறுக்கிய படத்தில் ஐந்தும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும்; “இருசமவெட்டி மாதிரி இருக்கிறதே” என்று 6.5 எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். முதல் தடவையாவது கவராயம் எடுத்து அளவோடு, பக்கம் 14 சென்டிமீட்டர் வரும்படி வரையுங்கள். ஐஓக்யூஎம்-இல் விடை முழு எண் என்பதால் 6.5 வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம், ஆனால் 7 வந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அப்புறம் இதையும் போட்டுப் பாருங்கள். குவிந்த நாற்கரம் ஏபிசிடி-யில் ஏபி 7, பிசி 9, சிடி 10. ஏபிசி, ஏசிடி முக்கோணங்களின் உள்வட்டங்கள் மூலைவிட்டம் ஏசி-யை ஒரே புள்ளியில் தொடுகின்றன. ஏடி எவ்வளவு? மேலே எழுதிய அதே இரண்டு வரிகள் போதும், விடை 8.