அரசு ஊழியர் பற்றி ஆர்.டி.ஐ.யில் எதுவரை கேட்கலாம்? – கேள்வி பதில்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) அரசு ஊழியர்களின் விவரங்களைக் கேட்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பொதுத் தகவல் அலுவலராக இருந்து மனுக்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு நானே மனுவும் போடுகிறேன். மனுதாரர்கள், ஊழியர்கள் இரு தரப்பும் கேட்டிருப்பதில் மகிழ்ச்சி.

எங்கள் பகுதி நில அளவர் அளவுக்கு மீறி சொத்து சேர்த்திருக்கிறார் என்று ஊரே பேசுகிறது. அவருடைய பணிப்பதிவேடு, சொத்து விவரம் இரண்டையும் கேட்டேன். "பிரிவு 8(1)(ஜே)-யின்படி வழங்க இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் கிடைக்குமா? (விழுப்புரம்)

8(1)(ஜே) என்பது தனிநபர் தகவலைத் தர மறுக்க வழி செய்யும் பிரிவு. கேட்ட மாதிரியே கேட்டால் கிடைப்பது கடினம். காரணம் 2012-லேயே தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மெமோக்கள், தண்டனைகள், சொத்து, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் கிரிஷ் தேஷ்பாண்டே என்பவர் கேட்டார். இவையெல்லாம் ஊழியருக்கும் அவரை வேலைக்கு வைத்தவருக்கும் இடையிலான விஷயம், தனிநபர் தகவல், பெரிய பொதுநலன் இருந்தால்தான் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்பின் பெயரை எழுதாத நிராகரிப்புக் கடிதத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. 2019-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை, சொத்து, மருத்துவ விவரம் ஆகியவற்றைத் தனிநபர் தகவல் பட்டியலில்தான் வைத்தது.

அப்போதாவது அந்தப் பிரிவிலேயே ஓர் அளவுகோல் இருந்தது. பொதுப்பணியோடு சம்பந்தமில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைகிற தகவலைத்தான் மறுக்கலாம். "சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது" என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதையெல்லாம் வெட்டிவிட்டு "தனிநபர் தகவல்" என்பதை மட்டும் மிச்சம் வைத்தது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஊழியரின் அந்தரங்கத்தைக் காக்க முந்தைய வாசகமே போதும் என்பது என் கருத்து. இப்போது ஒரு பெயர் இருந்தாலே மறுக்கலாம் என்று நினைக்கிற அலுவலருக்குச் சட்டம் வசதியாகிவிட்டது.

ஆனால் பிரிவு 8(2)-ஐ யாரும் தொடவில்லை. வரக்கூடிய பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால், விலக்கு உள்ள தகவலையும் தரலாம் என்கிறது அது. மேல்முறையீட்டில் இதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்று 19(5) சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஊரே பேசுகிறது" என்று எழுதினால் பொதுநலன் ஆகாது. எந்தப் புல எண், எந்த அளவீடு, என்ன முறைகேடு என்று இருக்க வேண்டும்.

உண்மையில் உங்கள் சந்தேகம் சொத்து மேல் என்றால், ஆர்.டி.ஐ. சுற்றுவழி. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஆதாரத்தோடு புகார் கொடுங்கள், அந்தச் சொத்து விவரத்தை அவர்கள் வாங்கிப் பார்ப்பார்கள். சந்தேகம் அவர் வேலை மேல் என்றால் மனுவை மாற்றி எழுதுங்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வந்த நில உட்பிரிவு மனுக்கள் எத்தனை, வரிசைப்படி எடுக்கப்பட்டனவா, எனக்குப் பின்னால் வந்த மனு எனக்கு முன்னால் முடிந்தது ஏன், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள் என்று கேளுங்கள். அதில் நில அளவரின் பெயரே வர வேண்டாம். பதவி போதும். இந்த மனுவை 8(1)(ஜே) சொல்லி மறுப்பது சுலபமில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரம் மத்திய அரசின் இணையதளத்தில் கிடக்கிறது. 2025 மே மாதம் உச்சநீதிமன்ற நீதிபதிகள் பலரின் சொத்து விவரமே வெளியானது. தேர்தலில் நிற்பவர் தன் சொத்தோடு மனைவியின் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். தாலுகா அலுவலகத்தில் மட்டும் அது ரகசியம்.

அப்படியென்றால் அரசு ஊழியரின் சம்பளமும் ரகசியமா?

இல்லை. பிரிவு 4(1)(பி)-யின்படி ஒவ்வொரு அலுவலகமும் தன் ஊழியர்களின் விவரப் பட்டியலையும் அவர்களின் மாதச் சம்பளத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். ஆனால் எல்.ஐ.சி. பிடித்தம், கூட்டுறவுச் சங்கக் கடன், கோர்ட் பிடித்தம், வங்கிக் கணக்கு எண் இதெல்லாம் வேறு. அந்தப் பணம் அவர் கைக்கு வந்த பிறகு எங்கே போகிறது என்பது நமக்கு எதற்கு?

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் தெருக்காரர் ஒருவருடன் வாய்க்கால் தகராறு. அவர் என் பணிப்பதிவேடு, விடுப்பு விண்ணப்பங்கள், வீட்டு முகவரி, செல்போன் எண் எல்லாம் கேட்டு மனு போட்டிருக்கிறாராம். அலுவலகத்தில் "கொடுத்துத்தான் ஆக வேண்டும்" என்கிறார்கள். (திருவண்ணாமலை மாவட்டம்)

பயப்படாதீர்கள் டீச்சர், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது தவறு. உங்களைப் பற்றி நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும் தகவலைக் கொடுக்க நினைத்தால், பிரிவு 11-ன்படி மனு வந்த 5 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அது கைக்கு வந்த 10 நாளுக்குள் உங்கள் ஆட்சேபணையைச் சொல்லலாம். அதையும் மீறிக் கொடுக்க முடிவு செய்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸுக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் "எதையும் தரக் கூடாது" என்று எழுத வேண்டாம், எடுபடாது. உங்கள் பதவி, பணியில் சேர்ந்த நாள், சம்பள நிலை, அந்தப் பணிக்கு வேண்டிய கல்வித் தகுதி ஆகியவற்றில் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிடுங்கள். மருத்துவ விடுப்பின் காரணம், மகப்பேறு விவரம், வாரிசாக யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது, முகவரி, சொந்த எண் இவற்றைத் தரக் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். பிரிவு 10 ஒரு ஆவணத்தில் தரக்கூடிய பகுதியை மட்டும் பிரித்துத் தர வழி செய்கிறது. முழுப் பதிவேட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது பல அலுவலகங்களில் சோம்பேறித்தனத்தால் நடப்பது.

மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது 6(2). அதனால் "வாய்க்கால் தகராறுக்காகக் கேட்கிறார்" என்பதை மட்டும் நம்பி வாதாடாதீர்கள்.

ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. கணவர் அரசு ஊழியர். சம்பளம் குறைவு என்று கோர்ட்டில் சொல்கிறார். ஆர்.டி.ஐ.யில் மனைவி கேட்கலாமா?

கேட்கலாம். திருமண வழக்கு நடக்கும்போது மனைவியை மூன்றாம் நபராக நடத்த முடியாது, சம்பள விவரத்தைத் தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றமும் 2018-ல் அப்படியே சொன்னது. ஆனால் இவை திருத்தத்துக்கு முந்தையவை, அலுவலகம் இழுத்தடிக்கலாம். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் உத்தரவிட்டது. வக்கீலிடம் சொல்லி சம்பளச் சான்றை கோர்ட் மூலமே அலுவலகத்திலிருந்து வரவழையுங்கள். அதை மறுக்க யாராலும் முடியாது.

17(பி) சார்ஜ் மெமோ (பெரிய தண்டனை வரக்கூடிய குற்றச்சாட்டுக் கடிதம்) வாங்கியவர் மறுபடி அதே இடத்தில் பொறுப்பில் இருக்கிறார். விசாரணை அறிக்கையைக் கேட்கலாமா?

விசாரணை நடந்துகொண்டிருந்தால் விடுங்கள், கிடைக்காது. முடிந்திருந்தால் அறிக்கை முழுவதையும் கேட்காமல், இன்ன புகார் மீது எடுத்த நடவடிக்கை என்ன, இறுதி ஆணையின் தேதி, முடிவு என்று கேளுங்கள். புகார்தாரர் நீங்களே என்றால் உங்கள் பக்கம் கூடுதல் பலம். சாட்சி சொன்னவர்களின் பெயரைக் கேட்காதீர்கள். கீழ்நிலை ஊழியர் ஒருவர் மேலதிகாரிக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தால், அந்தக் காகிதம் வெளியே வந்ததும் முதலில் மாட்டிக்கொள்வது அவர்தான்.

போலிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தவரைப் பிடிப்பது எப்படி? சான்றிதழ் நகலே தர மறுக்கிறார்கள்.

நகல் எதற்கு? "இன்ன பணியிடத்தில் இருப்பவரின் கல்விச் சான்று உண்மைத் தன்மை சரிபார்க்கப்பட்டதா, எந்தத் தேதியில், எந்த நிறுவனம் உறுதி செய்தது" என்று கேளுங்கள். "சரிபார்க்கவில்லை" என்று பதில் வந்தால், அதை வைத்தே துறைத் தலைவருக்குப் புகார் எழுதலாம்.

என் வேலையைப் பற்றி மேலதிகாரி எழுதும் ரகசிய மதிப்பீட்டை நானே கேட்கலாமா?

தாராளமாக. பாதகமானது மட்டுமல்ல, எந்தப் பதிவாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆர்.டி.ஐ. போடும் முன் ஒரு சாதாரணக் கடிதம் எழுதிப் பாருங்கள். 30 நாளும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் மிச்சம்.