பகலைத் தேடிப் பார்படோஸ் போகலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. கோவையில் இருந்தபடியே அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு இரண்டரை ஆகும். அங்கே குளிர்காலம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். ஏழு வயது மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் தூங்குகிறேன். அவள் தூங்கப் போகும்போது நான் மீட்டிங்கில் இருக்கிறேன். 2024 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பார்த்ததிலிருந்து, அது நடந்த கரீபியன் தீவான பார்படோஸ் மனதில் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டு வேலையைச் செய்துகொண்டே ஒரு வருடம் தங்க அங்கே விசா தருகிறார்களாம். எனக்கு ஆண்டுக்கு 64,000 டாலர் வருகிறது. கடலோர ஊர் ஒன்றில் குடும்பத்தோடு ஒரு வருடம் இருந்துவிட்டு வரலாமா? கரீபியனில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்தானே? மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. “உங்கள் இஷ்டம்” என்கிறார். — பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்.

அன்புத் தம்பி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் கடலைப் பற்றி மூன்று வரி இருந்தது. தூக்கத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதனால் நீங்கள் கேட்பது கடலை அல்ல, பகலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அது நியாயமான ஆசை. எட்டு வருடம் ராத்திரியில் விழித்தவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு.

நானும் என் கணவரும் 2022-23ல் பதினொரு மாதம் பார்படோஸில் இருந்தோம். தென்கரையில் ஓய்ஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊருக்குப் பக்கத்தில் வீடு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கடிகாரக் கணக்கு. பார்படோஸ் நேரம் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே வருடம் முழுவதும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பாஸ்டனில் மாற்றுவார்கள். கோடையில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், ஒன்பதுக்கு உட்கார்ந்து ஐந்துக்கு எழுந்துவிடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை உங்கள் வேலை பத்து முதல் ஆறு மணி என்று ஆகிவிடும். பார்படோஸும் நம் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. சென்னையில் நவம்பர் மாதம் ஆறு மணிக்கு வெளிச்சம் இருக்குமா? அங்கேயும் இருக்காது. லேப்டாப்பை மூடிவிட்டு மகளைக் கடலுக்குக் கூட்டிப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மாதங்களில் அது நடக்காது. நடக்கக்கூடியது காலைக் கடல். ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கி, ஏழரைக்கு வீடு திரும்பி, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வேலையில் உட்காரலாம். ஊர்க்காரர்களும் அப்படித்தான். பொழுது விடிகிற நேரத்தில் வயதானவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பதினொரு மாதத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. கோவையில் இருக்கும் அம்மா அப்பாவிடம் பேசவும் காலைதான் சரி. அங்கே ஏழு மணி என்றால் இங்கே மாலை நாலரை.

விசா விஷயம் நீங்கள் கேள்விப்பட்டபடிதான். 2020 ஜூலையில் தொடங்கிய ‘வெல்கம் ஸ்டாம்ப்’ திட்டம் அது. பன்னிரண்டு மாதம் தங்கலாம், முடிந்ததும் மறுபடி விண்ணப்பிக்கலாம். அடுத்த ஒரு வருடத்தில் 50,000 அமெரிக்க டாலராவது வருமானம் இருக்கும் என்று காட்ட வேண்டும். தனி ஆளுக்குக் கட்டணம் 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000. மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் வருமானம் தேறிவிடும். ஆனால் கையில் தாராளமாக மிஞ்சும் என்று நினைக்காதீர்கள். அங்கே பெரும்பாலான சாமான் கப்பலில் வந்து இறங்குவது. மேலே 17.5 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி வேறு. கரண்ட் பில் பயமுறுத்தும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நாங்கள் மாதம் 1,500 அமெரிக்க டாலர் கொடுத்தோம். வாடகை விளம்பரங்களைப் பார்க்கும்போது எந்த டாலர் என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டு பார்படோஸ் டாலர் சேர்ந்தால்தான் ஒரு அமெரிக்க டாலர். அந்த மாற்று விகிதம் 1975லிருந்து மாறவில்லை.

வரி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தத் திட்டத்தில் வருகிறவர்களிடம் பார்படோஸ் அரசு வருமான வரி வாங்குவதில்லை. அதனால் இந்தியாவிலும் வரி இல்லை என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அதை நம்பாதீர்கள். சம்பளம் முதலில் இந்திய வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் இங்கே வரி உண்டு. அப்புறம், எந்த நாட்டிலும் வரி கட்ட வேண்டாத இந்தியக் குடிமகனை, அவருடைய வெளிநாட்டு வருமானம் நீங்கலான வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், இங்கே வசிப்பவராகவே கருதும் விதி 2020லிருந்து இருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன்னால் நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள். பாஸ்டன் நிறுவனத்திடமும் “பார்படோஸில் இருந்து வேலை செய்யலாம்” என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னது போதாது. டிக்கெட் போடும்போது வழியில் இறங்கும் நாட்டையும் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், மயாமி, டொராண்டோ என்று எங்கேயாவது மாற வேண்டும். நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கெல்லாம் தனியாக ஒரு விசா கேட்பார்கள்.

இனி, நம் ஆட்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி. கரீபியன் முழுவதையும் ஒரே ஊராக நினைத்துவிட்டீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் நாட்டிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தது டிரினிடாட், கயானா, பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்ட்டினிக் போன்ற இடங்களுக்கு. குவாதலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் இறங்கியவர்களில் தமிழர்கள் நிறைய. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அவர்கள். பார்படோஸில் அப்படி நடக்கவில்லை. சிறிய தீவு, ஏற்கெனவே மக்கள் நெருக்கம். அடிமை முறை ஒழிந்த பிறகும் தோட்டங்களை விட்டு ஒதுங்கிப் பிழைக்க அங்கிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு நிலமே இல்லை. அதனால் வெளியிலிருந்து ஆள் கொண்டுவரத் தோட்ட முதலாளிகளுக்கு அவசியம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்த குஜராத்திக் குடும்பங்கள் உண்டு. தமிழ்க் குரல் ஒன்று காதில் விழ எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்ட உங்கள் மனைவிக்காக.

உங்களுக்கு அங்கே போனதும் வேலை இருக்கிறது, பேச ஆட்கள் இருக்கிறார்கள், திரும்ப வந்த பகல் இருக்கிறது. அவருக்கு? இந்த விசாவில் வருகிறவர்கள் உள்ளூரில் வேலைக்குச் சேர முடியாது. ஓர் ஆசிரியை தன் வகுப்பை, சம்பளத்தை, ஸ்டாஃப் ரூம் சிநேகிதிகளை விட்டுவிட்டு வந்து, நீங்கள் மீட்டிங்கில் இருக்கும் எட்டு மணி நேரமும் சத்தம் போடாமல் அடுத்த அறையில் இருக்க வேண்டும். மாலையில் நீங்கள் சந்தோஷமாக வெளியே வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். நான் அந்த அறையில் இருந்தவள், தம்பி. முதல் மூன்று மாதம் எனக்குக் கடல் கண்ணிலேயே படவில்லை. கணவரின் வேலைக்காகப் போனோம், நான் என் வேலையை விட்டிருந்தேன், அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. “உங்கள் இஷ்டம்” என்று நானும்தான் சொன்னேன். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. பல வீடுகளில் அது கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு வருகிற பதில்.

அவரிடம் “போகலாமா” என்று கேட்காதீர்கள். “அந்த ஒரு வருடத்தில் நீ என்ன செய்ய ஆசைப்படுவாய்” என்று கேளுங்கள். பி.எட். முடித்தவர் தபால் வழியில் மேற்படிப்புப் படிக்கலாம். பள்ளியில் சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று பார்க்கலாம். திரும்பி வந்தால் வேலை இருக்கிறது என்ற உறுதி ஒரு ஆளை எவ்வளவு லேசாக்கும் தெரியுமா? எதுவுமே வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது பகல்தானே, அதற்கு வேறு வழிகளும் உண்டு. பாதி சம்பளம் குறைந்தாலும் இந்திய நேரத்தில் ஒரு வேலை தேட முடியுமா என்று நீங்கள் யோசித்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லையே.

எனக்கு அந்த ஊர் பிடிக்க ஆரம்பித்தது பஸ்ஸில்தான். அங்கே பஸ்ஸில் ஏறினால், கடைக்குள் நுழைந்தால், முதலில் “குட் மார்னிங்” சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். எனக்கு அது தெரியாமல் இரண்டு வாரம் எல்லோரும் கடுகடுப்பாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு எல்லாம் மாறியது. நீல நிற அரசு பஸ், மஞ்சள் மினி பஸ், பாட்டு அதிரும் வெள்ளை வேன் எல்லாம் ஓடுகின்றன. கார் இல்லாமலே சமாளித்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தையில் ஊரே கூடும். சுடச்சுட மீன் பொரித்துக் கொடுப்பார்கள். அங்கே தேசிய உணவு என்ன தெரியுமா? நம் ராமநாதபுரம் பக்கம் பறவைக்கோலா என்பார்களே, அந்தப் பறக்கும் மீனும், சோள மாவையும் வெண்டைக்காயையும் சேர்த்துக் கிண்டுகிற ஒரு களியும். களி கிண்டத் தெரிந்த கை எனக்கு. அந்த அம்மாளோடு சிநேகம் முற்றியது அந்த அடுப்படியில்தான். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பூசணி, சீமைப்பலா எல்லாம் சந்தையில் கிடைக்கும். மிக்சியும் கிரைண்டரும் இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள். அங்கே 115 வோல்ட். நம் மோட்டார் ஓடாது.

கடலைப் பற்றி வீடியோக்கள் சொல்லாதது கொஞ்சம் இருக்கிறது. 2011லிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி பெரிய பெரிய திட்டுகளாக வந்து கரையில் குவிகிறது. கிழக்கிலும் தெற்கிலும் அதிகம், மேற்கில் குறைவு. அழுகும்போது கூழ்முட்டை நாற்றம். அந்த வாயு ஏசி, லேப்டாப் வரைக்கும் அரிக்கும். எங்கள் பழைய லேப்டாப் அதில்தான் போயிற்று என்று பழுது பார்த்தவர் சொன்னார். வீடு பார்க்கும்போது கடலைப் பார்த்த மாடி வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நாலு தெரு உள்ளே தள்ளி இருந்தால் வாடகையும் குறையும். கடற்கரை எல்லாமே பொது இடம், நடந்து போய்க்கொள்ளலாம். கிழக்குக் கரையில் பாத்ஷீபா பக்கம் பார்க்க அழகு, ஆனால் இழுப்பு அதிகம். மகளை அங்கே தண்ணீரில் இறக்கவே கூடாது. மேற்குக் கரையில் கடல் குளம் மாதிரி இருக்கும். மான்சினீல் என்று கரையோரம் ஒரு மரம், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும். பாலும் காயும் கடும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூட உடம்பு கொப்பளிக்கும். சில மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இருக்காது. போன முதல் நாளே குழந்தைக்கு அந்த மரத்தைக் காட்டிவிடுங்கள். ராணுவ உடை மாதிரி புள்ளி போட்ட துணி இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே குழந்தைகள் போட்டாலும் சட்டப்படி குற்றம்.

புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. நீங்கள் பார்த்த இறுதிப் போட்டி 2024 ஜூன் 29. இரண்டே நாளில் பெரில் புயல் தீவுக்குத் தெற்கே கடந்து போனது. விமான நிலையம் மூடி, கோப்பை வென்ற நம் அணியே ஓட்டலில் அடைந்து கிடந்தது நினைவிருக்கும். தலைநகர் பிரிட்ஜ்டவுனின் மீன்பிடித் துறையில் கட்டியிருந்த படகுகள் நொறுங்கின. கிழக்கே தனியாக ஒதுங்கி இருப்பதால் பார்படோஸ் பெரும்பாலும் தப்பித்துவிடும். 1955 ஜேனட் புயலுக்குப் பிறகு நேராக அடித்தது 2021ல் வந்த எல்சாதான். இருந்தாலும் காப்பீட்டில் புயல் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குத் தண்ணீரும் அரிசியும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

நான் சொல்வது இதுதான். இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். வருகிற மே மாத விடுமுறையில் மூன்று பேரும் இரண்டு வாரம் சும்மா போய்வாருங்கள். சுற்றுலாவாகப் போக இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. மே மாதம் கடற்பாசி வருகிற காலம், வெயிலும் இருக்கும். அதனால்தான் மே என்கிறேன். ஓட்டல் வேண்டாம். ஓய்ஸ்டின்ஸிலோ வடக்கே ஸ்பைட்ஸ்டவுனிலோ சமையலறை உள்ள வீடாக எடுங்கள். நீங்கள் லேப்டாப்பைத் தொடாதீர்கள். ஒரு வாரம் சந்தைக்கும் பள்ளிகளைப் பார்க்கவும் பஸ்ஸில் போய்வாருங்கள். மகளுக்கு ஒரு பள்ளியில் இடம் உறுதி என்று தெரியாமல் கட்டணம் கட்ட வேண்டாம். அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, அதற்கு நேரம் இருக்கிறது. இரண்டாவது வாரம் பத்திலிருந்து ஆறு மணி வரை நீங்கள் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள். உங்கள் மனைவி அந்தப் பகல்களை எப்படிக் கழிக்கிறார் என்று அவரே பார்க்கட்டும். திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, இந்த முறை அவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.