சந்தா உயர்வு – கடிதமும் பதிலும்

வணக்கம்,

நாங்கள் சிலர் சேர்ந்து, சிறு நிறுவனங்களுக்கான கணக்கு மென்பொருளை மாதச் சந்தாவுக்குக் கொடுத்து வருகிறோம். தொடங்கிய நாளிலிருந்து விலையைத் தொடவே இல்லை. சர்வர் செலவும் சம்பளமும் ஏறிவிட்டதால் இனி கட்டுப்படியாகாது. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஏதாவது ஒரு ஏஐ வசதியைச் சேர்த்து, அதைக் காரணம் காட்டி ஏற்றலாம் என்கிறார் என் கூட்டாளி. உங்கள் கருத்து என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் கூட்டாளியின் யோசனையைக் கைவிடுங்கள். 2025 தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் அதைத்தான் செய்தது. வேர்ட், எக்ஸெல் எல்லாம் அடங்கிய 365 தனிநபர் சந்தாவில் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரைச் சேர்த்து, அமெரிக்காவில் மாதம் 6.99 டாலராக இருந்ததை 9.99 ஆக்கியது. கோபைலட் இல்லாமல் பழைய விலைக்கே ‘கிளாசிக்’ என்றொரு திட்டமும் இருந்தது. ஆனால் சந்தாவை ரத்து செய்யத் தொடங்குகிறவர் கண்ணில்தான் அது படும்படி வைத்திருந்தார்கள் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே மைக்ரோசாப்ட் அங்கே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. உங்களுக்குக் காரணம் செலவு. அதையே சொல்லிவிடுங்கள், கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது புரியாதா என்ன?

உங்கள் பயத்துக்கு வருகிறேன். எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதை வைத்துத்தான் கோபம் வரும் என்று நினைக்கிறீர்கள். யூனிட்டிக்கு நடந்ததைப் பாருங்கள். வீடியோ கேம் உருவாக்குகிறவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் அது. ஒரு கேம் குறிப்பிட்ட வருமானத்தையும் இன்ஸ்டால் எண்ணிக்கையையும் தாண்டிவிட்டால், அப்புறம் வரும் ஒவ்வொரு புது இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஏற்கனவே வெளியாகிவிட்ட கேம்களுக்கும் இது உண்டு. எத்தனை பேர் இன்ஸ்டால் செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? பில் எவ்வளவு வரும் என்றே கணிக்க முடியாது. எதிர்ப்பு வெடித்தது. பத்தே நாளில் விதிகளைத் தளர்த்தினார்கள். அக்டோபரில் தலைமை அதிகாரி விலகினார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள்.

கவனிக்க வேண்டியது இனிமேல்தான். ரத்து செய்த அதே அறிவிப்பில் ப்ரோ சந்தாவை 8 சதவீதமும் எண்டர்பிரைஸ் சந்தாவை 25 சதவீதமும் ஏற்றினார்கள். முந்தைய ஆண்டு எழுந்த கொந்தளிப்பு இதற்கு எழவில்லை. 25 சதவீதம் சின்ன ஏற்றமும் இல்லை. ஒப்புக்கொண்ட விதியை வேலை முடிந்த பிறகு மாற்றியதுதான் கேம் உருவாக்குகிறவர்களால் பொறுக்க முடியாமல் போனது.

ஆகவே யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு என்பதை மெயிலின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ‘உங்களுக்கு மேலும் சிறந்த அனுபவத்தை வழங்கும் பொருட்டு’ என்று தொடங்கினால் படிக்கிறவர் அங்கேயே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கட்டிய காலம் முடியும்வரை பழைய விலைதான் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். புரோகிராமர்களுக்கான மென்பொருள்களை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் விலையை ஏற்றியபோது, சில மாதம் முன்பே சொல்லி, வேண்டுமானால் மூன்று ஆண்டுவரை பழைய விலையிலேயே முன்பணம் கட்டிக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. உங்களுக்கு ஓராண்டு போதும். கையில் பணமும் சேரும். பழையவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பழைய விலை என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கும்.

அறிவிப்பு போனதும் கொஞ்சம் பேர் ரத்து செய்வார்கள். அதில் சிலர் உங்கள் மென்பொருளைத் திறந்தே பல மாதம் ஆகியிருக்கும். சந்தா ஓடிக்கொண்டிருப்பதையே மறந்தவர்களை உங்கள் மெயில் எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டால் முதல் வாரம் பதற்றம் குறையும். சண்டை போடுகிறவருக்கு மட்டும் ரகசியமாகத் தள்ளுபடி தருவதும் வேண்டாம். வாய் திறக்காமல் கட்டுகிறவர்தான் அதற்குத் தண்டம் அழுகிறார், அது ஒருநாள் அவருக்குத் தெரியவும் வரும்.

உங்களுடையது கணக்கு மென்பொருள் என்பதால் இன்னொன்று. விலகுகிறவர் தன் பழைய கணக்குகளை எக்ஸெல் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வழியை அந்த மெயிலிலேயே கொடுத்துவிடுங்கள். ஆண்டுக் கணக்கை முடிக்கிற மாதத்தில் தயவுசெய்து ஏற்றாதீர்கள். வேறு மென்பொருளுக்கு மாற முடியாத நேரம் பார்த்து ஏற்றினார்கள் என்று பேர் வந்துவிடும்.